ஒரு ஓட்டம் போதாது: மலையகக் குடிநீர்த் திட்டங்களில் ஸ்கிரிப்ட் எழுதிப் பெற்ற அனுபவம்

மலையகத்தில் ஒரு தோட்டத்துக்குக் குடிநீர்த் திட்டம் வரையும்போது தெரிந்ததைவிடத் தெரியாததே அதிகம். ஊற்று மார்ச் மாதத்தில் எவ்வளவு தரும் என்று யாரும் அளந்து எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் பழைய ஜீஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் எந்தக் காலத்தில் போட்டது, எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று கேட்டால், ஓய்வு பெற்ற கங்காணி ஐயா ஒருவரின் ஞாபகம்தான் வரைபடம். மேட்டு லயத்துக்கும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம்) பணிய, அதாவது தாழ்வான, லயத்துக்கும் எவ்வளவு இறக்கம் என்றால், “ஒரு நாற்பது மீற்றர் வரும் தம்பி” என்பார்கள். இத்தனை ‘இருக்கலாம்’களை உள்ளே போட்டு, கணினி மொடலை ஒரே ஒரு தடவை ஓட்டி, “இந்த இடத்தில் அழுத்தம் 14.3 மீற்றர்” (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) என்று அறிக்கையில் எழுதுகிறோம். அந்தத் தசமத்தை நம்பித்தான் தோட்டத்தின் குடிநீர்ச் சங்கம் பைப் வாங்குகிறது, சனங்கள் சிரமதானத்தில் கான் வெட்டுகிறார்கள். பெப்ரவரியில் தொங்கல் வீட்டில், அதாவது வரிசையின் கடைசி வீட்டில், குழாயில் காற்று மட்டும் வந்தால், அந்த வீட்டு அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

நான் நீரியல் மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் (அதைத் தானாக இயக்கும் சிறு நிரல்) எழுதப் பழகியது இந்தக் கேள்விக்காகத்தான். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை, ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். ஒரே கேள்வியை முந்நூறு விதமாக மொடலிடம் கேட்க முடிகிறது. ஊற்று குறைந்தால்? பழைய பைப் நாம் நினைத்ததைவிட மோசமாக இருந்தால்? நாம் எடுத்த உயரம் மூன்று மீற்றர் பிசகியிருந்தால்? எல்லாவற்றுக்கும் பிறகும் தொங்கல் வீட்டுக்குத் தண்ணீர் போகிறதா? கையால் கிளிக் செய்து இப்படிக் கேட்க யாருக்கும் பொறுமை இராது.

பயன்படுத்துவது ஈபாநெட். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1993இல் வெளியிட்ட இலவச மென்பொருள். 2000இல் இரண்டாம் பதிப்பு வந்தது, 2020இல் 2.2. பலர் அதன் விண்டோஸ் திரையை மட்டுமே அறிவார்கள்: பைப்பைக் கிளிக் செய், விட்டத்தை மாற்று, ஓட்டு, நிறத்தைப் பார். ஆனால் மொடல் முழுவதும் ஐஎன்பி என்ற வெறும் எழுத்துக் கோப்பில்தான் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் சந்திகள், பைப்கள், தாங்கிகள், பாவனை நேரங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அதற்கு மேல் டூல்கிட் என்ற நிரலாக்க இடைமுகம் ஒன்றும் உண்டு. கோப்பைத் திற, இந்தப் பைப்பின் விட்டத்தை மாற்று, கணி, அந்த நோட்டின் (சந்தி, தாங்கி போன்ற புள்ளியின்) அழுத்தத்தைக் கொடு, மூடு. இந்த ஐந்து கட்டளைகளை ஒரு சுற்றுக்குள் போட்டால் அதுதான் ஸ்கிரிப்ட். பைதனில் எழுதுகிறவர்களுக்கு டபிள்யூஎன்டிஆர் என்ற நூலகம் இருக்கிறது, சாண்டியா ஆய்வுகூடமும் அதே முகவரகமும் சேர்ந்து செய்தது. சைப்பிரஸ் பல்கலைக்கழகத்தின் ஈபிவைடி இன்னொன்று. எல்லாமே இலவசம், பழைய மடிக்கணினி போதும். வெள்ளத்துக்கு ஹெக்ராஸ், வடிகாலுக்கு எஸ்டபிள்யூஎம்எம் என்று போகிறவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. மென்பொருள் மாறினாலும் கீழே சொல்லும் பாடங்களில் பாதிக்கு மேல் மாறாது.

உயரத்தில் இருந்து தொடங்குகிறேன், எங்கள் ஊரில் எல்லாமே அதில்தான் நிற்கிறது. பம்பு கிடையாது. மேலே ஊற்று, கீழே லயம், நடுவே இறக்கம். பத்து மீற்றர் இறக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உயரம் பிழைத்தால் மற்ற எல்லாம் பிழை.

இலங்கையில் இதில் ஒரு விசேஷமான ஆபத்து இருக்கிறது. ஜீபிஎஸ் கருவி அடிப்படையில் அளப்பது பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்தில் இருந்து உள்ள உயரத்தை. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம் சொல்வது கடல்மட்டத்தில் இருந்து உள்ள உயரத்தை. உலகின் பல இடங்களில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சில பத்து மீற்றர்தான். எங்களுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் புவியீர்ப்பு குறைந்து கடல்மட்டமே தாழ்ந்திருக்கும் பள்ளம் இருப்பதால், இங்கே அது 100 மீற்றரை ஒட்டி வருகிறது. வரைபடத்தில் 1,400 மீற்றர் என்று இருக்கும் மேட்டை, திருத்தம் செய்யாத கருவியோ கைபேசி ஆப்போ 1,300ஐ ஒட்டிக் காட்டும். எல்லாப் புள்ளியையும் ஒரே கருவியில் எடுத்தால் இதனால் பெரிய கேடில்லை, வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். ஊற்றின் உயரத்தை வரைபடத்தில் பார்த்து, லயங்களின் உயரத்தைக் கைபேசியில் எடுத்தால்தான் கெட்டது. இல்லாத 100 மீற்றர் இறக்கம் மொடலுக்குள் வந்துவிடும். பத்து பார்! கணினித் திரையில் எல்லாக் குழாயும் பீறிடும், தோட்டத்தில் ஒன்றும் வராது.

ஆகவே என் ஸ்கிரிப்ட் கணிப்பைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்கிறது. ஒவ்வொரு நோட்டின் உயரத்தையும் எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி உயரத் தரவோடு ஒப்பிடும். அந்தத் தரவு கடல்மட்டத்தை ஒட்டியது. செங்குத்தான சரிவில் அதுவே பத்து மீற்றருக்கு மேல் பிசகும் என்பதால் பைப் வரைய அதை நம்பக் கூடாது, பெரிய பிழையைப் பிடிக்க மட்டும் போதும். வித்தியாசம் 30 மீற்றரைத் தாண்டிய நோட்டுகளைப் பட்டியலிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பட்டியலில் உள்ள எல்லாமே ஏறத்தாழ 100 மீற்றர் குறைவாக இருந்தால் காரணம் என்னவென்று பார்த்தவுடன் தெரியும்.

சரியான இறக்கத்தை எடுக்க, ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் பைப் இருந்தால் நான் விரும்பும் வழி ஒன்று உண்டு. குழாய்களை எல்லாம் மூடி, காற்றை வெளியேற்றி, கீழ்முனையில் அழுத்தமானியை மாட்டுங்கள். ஓட்டம் இல்லாதபோது மானி காட்டுவது சுத்தமான உயர வித்தியாசம். ஒரு பார் என்பது 10.2 மீற்றர், 3.5 பார் காட்டினால் 35.7 மீற்றர். நல்ல மானியாக இருந்தால் கைபேசியைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது ஊற்று. ஈபாநெட் பழகத் தொடங்குகிற எவரும் ஊற்றை ‘ரிசர்வோயர்’ என்ற உறுப்பாகத்தான் போடுவார்கள், பயிற்சிப் பாடங்களில் அப்படித்தான் இருக்கும். அந்த உறுப்புக்கு முடிவே இல்லை. எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும், மட்டம் இறங்காது. காசல்ரீயோ மவுசாக்கலையோ போன்ற நீர்த்தேக்கத்தில் இருந்து எடுப்பதென்றால் சரி. கல்லிடுக்கில் கசியும் எங்கள் ஊற்றுக்கு இது பொருந்தாது.

வாளியும் நேரமும் வைத்து அளங்கள். 20 லீற்றர் வாளி நிறைய 40 செக்கன் எடுத்தால் ஊற்று செக்கனுக்கு அரை லீற்றர், நாளுக்கு 43,200 லீற்றர். ஆளுக்கு 100 லீற்றர் என்றால் 430 பேருக்குக் காணும் என்று கணக்கு வரும். ஆனால் காலை ஐந்து மணிக்கும், கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் மாலையிலும் பத்துக் குழாய் ஒரேயடியாகத் திறக்கும். குழாய்க்கு 0.2 லீற்றர் என்றால் செக்கனுக்கு 2 லீற்றர் போகும், வருவதோ அரை லீற்றர். பத்தாயிரம் லீற்றர் தாங்கி நிறைந்திருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் காலி. ரிசர்வோயர் வைத்த மொடல் இதைக் காட்டவே காட்டாது.

எனவே ஊற்றைத் தாங்கிக்கு மேலே ஒரு சந்தியாகப் போட்டு, அதன் பாவனையை எதிர்மறையாகக் கொடுக்கிறேன். −0.5 என்றால் செக்கனுக்கு அரை லீற்றர் உள்ளே வருகிறது. தாங்கி நிறைந்தால் வழிந்தோட அனுமதிக்கும் வசதி 2.2 பதிப்பில் இருக்கிறது, அதை இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தாங்கி நிறைந்தவுடன் நுழைவாய் மூடிக்கொள்ளும், ஊற்றுத் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் மொடல் உளறும். ஊற்றின் அளவு மட்டும் வெளியே ஒரு சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பில் மாதம் மாதமாக இருக்கும், ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு பகுதியின் மாத ஒழுங்கை இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஊற்று சுருங்குவது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. அங்கே மழை கொட்டும் மாதத்தில் இங்கே பீலி வற்றும்.

எந்தத் திட்டமானாலும் இரண்டு நேரங்களைத் தவறாமல் ஓட்டச் சொல்லித்தான் ஸ்கிரிப்டை எழுதியிருக்கிறேன்: வறட்சி மாதத்தின் காலை ஐந்தரை, மழை மாதத்தின் நள்ளிரவு. முதலாவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள், பைப் வெடிப்பதோ அப்போதுதான். எல்லாக் குழாயும் மூடியிருக்கும், உராய்வு இழப்பு இல்லை, தாங்கியில் இருந்து பள்ளத்தின் அடிவரை உள்ள முழு இறக்கமும் அழுத்தமாக உட்காரும். கடையில் வாங்கும் பீவீசி பைப்பில் 600, 1000 என்று வகை எழுதியிருக்கும், அது கிலோபாஸ்கல் கணக்கு. 600 வகை ஏறத்தாழ 60 மீற்றர் தாங்கும், 1000 வகை 100 மீற்றர். பணிய லயத்தின் பக்கம் இறக்கம் 80 மீற்றர் இருக்கும் இடத்தில், விலை குறைவென்று 600 வகையைப் போட்டுவிட்டு, வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் பைப்பைத் திட்டுவார்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பைப்பின் இரு முனைகளிலும் நள்ளிரவு அழுத்தத்தை எடுத்து, அந்த வகையின் எல்லையில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டினால் சிவப்பாக எழுதும். வால்வைச் சட்டென்று மூடும்போது வரும் அடிக்கு மிச்சம் வேண்டுமே. சிவப்பு வந்தால் நடுவே அழுத்தம் உடைக்கும் தொட்டி ஒன்று, அல்லது பைப்பின் வகையை மாற்றுவது.

நள்ளிரவு ஓட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: வழியும் தண்ணீர் எவ்வளவு என்று. மழைக்காலத்தில் செக்கனுக்கு ஒரு லீற்றர் மிஞ்சினாலும், எட்டு மணித்தியால இரவில் அது 28,800 லீற்றர். கிட்டத்தட்ட 29 தொன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பல இடங்களில் தாங்கிக்குக் கீழே சரிவில் விட்டுவிடுகிறார்கள், அதற்குக் கீழே லயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை இறங்கி லயங்களை மூடியதை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மழையை நம்மால் நிறுத்த முடியாது. நாம் கட்டும் தாங்கியின் வழிவு அந்த ஈரத்தோடு சேராமல் கான் கட்டி ஓடை வரைக்கும் கொண்டுபோவது நம் கையில் இருக்கிறது. ஆகவே வழிவின் அளவை ஸ்கிரிப்ட் தனி வரியாக எழுதுகிறது, கானின் அகலத்தை அதில் இருந்து கணிக்கிறோம். திட்ட அறிக்கைகளில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் தண்ணீருக்காக வரும் சண்டை எந்தத் தோட்டத்திலும் உண்டு. “கீழே உள்ளவங்க பூரா எடுத்துக்கிறாங்க” என்று மேலே சொல்வார்கள். யாரும் வேண்டுமென்று எடுப்பதில்லை, இயற்பியல் அப்படி. திறந்த குழாயில் ஓடும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். மேலே 5 மீற்றர் அழுத்தம், கீழே 40 மீற்றர் என்றால் ஒரே மாதிரிக் குழாயில் கீழே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரும். ஆனால் ஈபாநெட்டின் வழமையான கணிப்பில் இது தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த பாவனையை அது எப்படியும் கொடுத்தே தீரும், அழுத்தம் எதிர்மறையாகப் போனாலும் சரி. எனவே பொதுக் குழாய்களை, அழுத்தத்துக்கேற்ப ஓட்டம் மாறும் ‘எமிட்டர்’ என்ற திறப்பாகப் போடுகிறேன், அல்லது 2.2இல் உள்ள அழுத்தம் சார்ந்த பாவனை முறையை எடுக்கிறேன். எமிட்டரில் கவனிக்க வேண்டியது: அந்த இடத்தில் அழுத்தம் எதிர்மறையானால், குழாய் வழியே தண்ணீர் உள்ளே வருவதாக அது கணக்கெடுத்துவிடும். ஸ்கிரிப்ட் அப்படியான நோட்டைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். இப்படி ஓட்டிய பிறகு பணிய லயத்துக் கிளைக்கு எவ்வளவு சிறிய பைப் போட்டால் இரண்டு பக்கமும் சமனாகும் என்று தேட முடிகிறது. விட்டத்துக்கு அபாரமான வலு இருக்கிறது: 50 மில்லிமீற்றரை 40 ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். சண்டைக்கு விடை ஒரு சிறிய பைப்பாக இருக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் எண்ணோடு காட்டும்போது பேச்சின் சூடு தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

பைப்பின் விட்டத்தை எழுதும்போது, கடையில் சொல்லும் 63 என்பது வெளிவிட்டம். உள்விட்டம் வகையைப் பொறுத்துக் குறையும். பத்து வீதம் குறைந்தாலே இழப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். எனவே ஸ்கிரிப்டுக்குள் எண்ணைக் கையால் எழுதாமல், ‘63, 1000 வகை’ என்று கொடுத்தால் உள்விட்டத்தைத் தரும் ஓர் அட்டவணையை வைத்திருங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவதில் கைப்பழக்கமாக வரவேண்டிய சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலக் கோப்பை ஸ்கிரிப்ட் ஒருபோதும் மாற்றக் கூடாது. படித்து, நினைவகத்தில் மாற்றி, விடையை வேறு பெயரில் எழுத வேண்டும், அந்தப் பெயரிலேயே என்ன மாற்றினோம் என்பது தெரிய வேண்டும். அலகு பெரிய பொறி. ஐஎன்பி கோப்பில் அலகு வரி விடுபட்டால் ஈபாநெட் அமெரிக்க கலன் கணக்கில் போய்விடும், மீற்றர் அடியாகும். டபிள்யூஎன்டிஆர் உள்ளே எப்போதும் கன மீற்றரிலும் மீற்றரிலும்தான் வேலை செய்கிறது. அங்கே பாவனையை 0.5 என்று எழுதினால் செக்கனுக்கு 500 லீற்றர். டூல்கிட்டில் நேரடியாக எழுதுகிறவர்கள் நோட்டுகளை வரிசை எண்ணால் அழைக்காமல் பெயரால் அழையுங்கள். ஒரு சந்தியைப் புதிதாகச் சேர்த்தால் அதன் பின்னால் உள்ள தாங்கிகளின் எண் நகர்ந்துவிடும், ஸ்கிரிப்ட் எதுவும் சொல்லாமல் வேறொரு தாங்கியின் மட்டத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு கட்டளையும் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். பூச்சியம் என்றால் சரி, 1 முதல் 6 வரை எச்சரிக்கை, 100க்கு மேல் பிழை. எச்சரிக்கை 6 என்பது எதிர்மறை அழுத்தம். அதைப் பார்க்காமல் விட்டால், நடக்க முடியாத விடையும் அழகான அட்டவணையில் போய் உட்காரும்.

நோட்டுகளுக்குத் தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பெயருக்கு இடம் 31 பைட் மட்டுமே, யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘மேட்டுலயம்’ என்பதற்கே 30 போய்விடுகிறது. எனவே உள்ளே ஆங்கில எழுத்தும் எண்ணும், பக்கத்தில் ஓர் அட்டவணையில் அதற்குரிய தமிழ்ப் பெயர். வெளியே வரும் விடையில் தமிழ்ப் பெயர் மட்டும்தான் இருக்கும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், தங்கள் தண்ணீரைப் பற்றிய தாளைச் சனங்களால் வாசிக்க முடிய வேண்டும்.

இப்போது அந்த முந்நூறு ஓட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தெரியாததற்கும் ஒற்றை எண்ணுக்குப் பதில் ஓர் எல்லை கொடுக்கிறேன். வறட்சியில் ஊற்று செக்கனுக்கு 0.35 முதல் 0.6 லீற்றர். பழைய ஜீஐ பைப்பின் வழவழப்பு எண் (கூடினால் உராய்வு குறைவு) 70 முதல் 110. உயரம் இரு பக்கமும் 3 மீற்றர். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இந்த எல்லைகளுக்குள் ஏதோ ஓர் எண்ணை எடுத்து, ஓட்டி, லயம் லயமாக விடையை எழுதும். தற்செயல் எண்களுக்கு ஒரு தொடக்க எண்ணைக் கட்டாயம் நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால் நாளை ஓட்டும்போது விடை கொஞ்சம் மாறும், சங்கத்தில் “நேத்து வேற சொன்னீங்களே” என்று கேட்பது நியாயம்தான்.

இதில் கிடைக்கும் பெரிய பயன், எதை அளக்க வேண்டும் என்று மொடல் நமக்குச் சொல்வது. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால், புதிய பீவீசியின் வழவழப்பு எண்ணை 140 என்றாலும் 150 என்றாலும் தொங்கல் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைப் பற்றி அலுவலகங்களில் மணிக்கணக்காக வாதாடுகிறோம். ஊற்றின் மார்ச் அளவும், மேட்டு லயத்தின் உயரமும் அசைந்தால் எல்லாம் அசைகிறது. அப்படியென்றால் மிச்சமுள்ள பணத்தையும் நேரத்தையும் அந்த இரண்டை அளக்கத்தான் செலவழிக்க வேண்டும். கணினி வேலை கூடினால் களவேலை குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. எங்களுக்கு நடந்தது நேர்மாறு: மறுபடியும் மலை ஏறினோம், இந்தத் தடவை எங்கே மானியை மாட்டுவது என்று தெரிந்துகொண்டு ஏறினோம்.

விடையை எப்படிச் சொல்வது என்பதைக் கற்றுத்தந்தவர் ஒரு கொழுந்து பறிக்கும் பெரியம்மா. சங்கக் கூட்டத்தில் அழுத்த வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீலம், பச்சை, மஞ்சள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க தொங்க வீட்டுல மாசி மாசம் வெடியக்காலை ஒரு கேன் நெறைய எவ்ளோ நேரம் ஆகும்? அதச் சொல்லுங்க.”

“இப்ப சொல்ல முடியாதுங்க பெரியம்மா, கணக்குப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

அன்று இரவே ஸ்கிரிப்டில் ஒரு சிறிய செயற்கூறு சேர்ந்தது. குழாயில் வரும் ஓட்டத்தை எடுத்து, 20 லீற்றர் கேன் நிறைய எத்தனை நிமிடம் என்று மாற்றும். செக்கனுக்கு 0.1 லீற்றர் என்றால் 200 செக்கன், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதோடு, நாளில் எத்தனை மணித்தியாலம் தண்ணீர் வரும் என்று இன்னொரு வரி. இப்போது எங்கள் அட்டவணையில் அழுத்தமே கிடையாது. லயத்தின் பெயர், மாதம், கேனுக்கு எத்தனை நிமிடம், முந்நூறு ஓட்டத்தில் எத்தனையில் ஐந்து நிமிடத்துக்குள் நிறைகிறது, அவ்வளவுதான். கடைசி வரியை முதலில் யாருக்கும் விளங்காது என்று நினைத்தார்கள் என்னோடு வேலை செய்தவர்கள். மழை வருமா வராதா என்று நாள் முழுக்க வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கு, ‘பத்துக்கு எட்டு’ என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அதை வைத்து அவர்கள் பேசியதுதான் உண்மையான திட்டமிடல்: மார்ச்சில் பத்துக்கு ஆறுதான் என்றால், அந்த மாதம் மட்டும் மேட்டு லயத்துக்குக் காலையிலும் பணிய லயத்துக்கு மாலையிலும் வால்வைத் திறப்போம் என்று அவர்களே ஒழுங்கு போட்டார்கள். அந்த ஒழுங்கையும் மொடலில் போட்டு அங்கேயே ஓட்டிக் காட்ட முடிந்தது ஸ்கிரிப்ட் இருந்ததால்தான்.

இப்போது கையில் இருப்பது இதைவிடச் சிக்கலானது. லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது தலைமுறைகளாகக் கேட்டுக் கிடைத்தது. வீடுகள் வந்த இடம் தேயிலைக்கு உதவாத மேட்டுக் காணி, பழைய ஊற்றுக்கும் தாங்கிக்கும் 60 மீற்றர் மேலே. தண்ணீர் தானாக ஏறாது. ஏறத்தாழ 200 பேருக்கு நாளுக்கு 20,000 லீற்றர் பம்பு செய்தால், பாதி வினைத்திறன் என்று வைத்துக்கொண்டாலும் 6 முதல் 7 யூனிட் மின்சாரம். மாதா மாதம் அந்தக் கட்டணத்தைச் சங்கம் தாங்குமா என்பது பெரிய கேள்வி. இன்னொரு வழி, இன்னும் மேலே காட்டோரத்தில் உள்ள சின்ன ஊற்று. செக்கனுக்கு 0.15 லீற்றர் தந்தால் ஆளுக்கு நாளுக்கு 65 லீற்றர்தான், ஆனால் மின்சாரம் வேண்டாம். மூன்றாவது, இரண்டையும் சேர்ப்பது: வருடம் முழுக்க மேல் ஊற்று, வறட்சியில் மட்டும் பம்பு.

மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்து ஓட்டினோம். கேன் நிமிடமும் மாதக் கட்டணமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சேர்க்கும் வழிதான் பெரும்பாலான ஓட்டங்களில் நன்றாக நிற்கிறது, ஆனால் பம்பு வருடத்தில் ஒரு மாதம் ஓடுமா நான்கு மாதம் ஓடுமா என்பது மேல் ஊற்றின் வறட்சி அளவைப் பொறுத்திருக்கிறது. அந்த எண் எங்களிடம் இல்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவர் வாளியோடு வாராவாரம் ஏறி அளந்து வட்சப்பில் அனுப்புகிறார்கள், அது நேராக ஊற்றுக் கோப்பில் ஏறுகிறது. பம்பு எந்த அளவில் வாங்குவது என்ற தீர்மானத்தை மார்ச் முடியும்வரை சங்கம் ஒத்திவைத்திருக்கிறது.